வாசல் குழாய்க்கு ஒரு பூட்டு

அன்புள்ள அம்மாவுக்கு, மைசூரிலிருந்து தமிழ்ப்ரியா. நான் நலம். உங்கள் முட்டிவலி தேவலையா?

ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் பிள்ளைகளோடு ஒரு போர்க்காலப் படம் பார்த்தேன். தலைமறைவாக எதிர்த்துப் போராடுகிறவர்களை ஒருவன் காட்டிக் கொடுக்கிறான். பிறகு அவனே அவர்கள் கையில் சிக்கியும், குடிக்கத் தண்ணீர் கொடுத்து விட்டுவிடுகிறார்கள். எல்லோரும் அழுதார்கள்.

“எவ்ளோ பெரிய மனசு!” என்றாள் அறைத்தோழி ஸ்வாதி.

“மண்ணாங்கட்டி! நாக்கு வறண்டு சாகட்டும்னு விட்டிருக்கோணும்” என்று கத்திவிட்டேன். தியேட்டரே திரும்பிப் பார்த்தது. வேறொன்றுமில்லை, பயப்படாதீர்கள்.

பொய்ச்சாட்சி சொல்லி அப்பாவை ஜெயிலுக்கு அனுப்பிய சென்னப்பன் வீட்டார் இன்னமும் நம் வாசல் குழாயில்தானே தண்ணீர் பிடிக்கிறார்கள்? நம்மூர் சீனுவிடம் பூட்டு கொடுத்தனுப்பியிருக்கிறேன். மாட்டி அமுக்கினால் பூட்டிக்கொள்ளும். நமக்குத்தான் கொல்லையில் இன்னொரு குழாய் இருக்கிறதே. அவனிடமே, போர்த்திக்கொள்ள உங்கள் பழைய சேலை ஒன்று கொடுத்துவிடுங்கள்.

கம்பெனி வண்டி வந்துவிட்டது. சாவி இரண்டையும் நானே வைத்துக்கொண்டேன் அம்மா. உங்கள் மனசு எனக்குத் தெரியும்.

தமிழ்ப்ரியா