ராகுலனைப் பற்றி விசாரித்தது

ஏப்ரல் 7, திங்கள்

பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் புதிய தலைமைக் கோச் எடுக்கிற குழுவில் லெஸ்லி என்னையும் போட்டுவிட்டார். பழைய கோச் ஒருவழியாக ஓய்வு பெற்றுவிட்டார். குழுவில் மூன்று பேர். விளையாட்டுத் துறைப் பணிப்பாளர் லெஸ்லி, கல்லூரிக்கு ஒருகாலத்தில் விளையாடிய கிளிபோட், நிர்வாகம் பார்க்கிற நான். கிளிபோட் நல்ல மனிதர். கடைசியாகப் பேசுகிறவர் பக்கம் சாய்ந்துவிடுவார்.

விண்ணப்பங்களில் இரண்டுதான் தேறும். ஒருவர் ஒஷாவாக்காரர், அங்கே ஆண்கள் அணியை நடத்துகிறார். மற்றவன் நம் ராகுலன். நான்கு வருடமாக இங்கே உதவிக் கோச். வேலையெல்லாம் அவன் செய்வான், படத்துக்குப் பழையவர் நிற்பார். பிள்ளைகள் அவன் என்றால் உயிரை விடுவார்கள். துறையில் அவனும் நானும்தான் தமிழர் என்பதால் அவன் பெயர் வந்ததும் லெஸ்லி என்னைப் பார்த்துச் சிரித்தார். உங்கள் ஆள் என்கிற சிரிப்பு. எனக்கென்று ஆள் யாரும் கிடையாது.

ஏப்ரல் 9

தன்னைப் பற்றி விசாரிக்க என்று ராகுலன் பெயர் கொடுத்த மூன்று பேருக்கும் போன் எடுத்தேன். மூவரும் அவனை வானளவு புகழ்ந்தார்கள். இந்த நாட்டில் ஒரு கள்ளனைப் பற்றிக் கேட்டால்கூட, பொருட்களில் ஆர்வமுள்ளவர் என்றுதான் சொல்வார்கள்.

விசாரிப்பு என்றால் நம் ஆட்கள் கலியாணத்துக்கு விசாரிக்கிற விசாரிப்பு. அஜின்கோர்ட்டில் இருக்கிற தவமணி அன்ரிக்குப் போன் அடித்தேன். அவருக்குத் தெரியாமல் ஸ்காபரோவில் ஒரு குடும்பம் வீடு மாற முடியாது. பெடியன் எப்படி, குடிப்பானா, கோபக்காரனா, முப்பத்தாறு வயதாகியும் ஏன் தனியாக இருக்கிறான், எல்லாம் கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வேலை விஷயத்தை வெளியே விடக்கூடாது என்பது சட்டம். நான் சட்டப்படிதான் நடப்பேன்.

ஏப்ரல் 12, சனி

அன்ரி மூன்றே நாளில் துருவி எடுத்துவிட்டார். குடி இல்லை, சிகரெட் இல்லை. ஆனால் தகப்பன் செத்த வருடம் — அப்போது ஏதோ பள்ளிக்கூட அணிக்குப் பழக்கிக்கொண்டிருந்தானாம் — சீசன் நடுவில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்து மூன்று மாதம் அறைக்குள் கிடந்தானாம். தாய் சாப்பாட்டைக் கதவடியில் வைத்துவிட்டுப் போவாராம். பிறகு டொக்டர், மருந்து.

“இப்ப தங்கமான பெடியன், பிள்ளை. உதை மனசில வையாதேங்கோ,” என்றார் அன்ரி.

வைக்காமல்?

அதற்குப் பிறகு சொன்னார், தாய் மங்கையற்கரசிக்குப் பெரிய சந்தோஷமாம். எனக்கு விளங்கவில்லை. பின்னேரம் வாட்ஸப்பில் ராகுலனுடைய சாதகம் வந்தபோதுதான் விளங்கியது. நாற்பத்தொரு வயதில் எனக்கு நானே மாப்பிள்ளை கேட்டிருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

அப்படியில்லை அன்ரி என்று ஒரு வரி போட்டால் முடிந்தது. நாளைக்குப் போடலாம்.

ஏப்ரல் 14

வருடப்பிறப்பு. மங்கையற்கரசி அன்ரி வாழ்த்துச் சொல்லப் போன் எடுத்தார். மீன் சாப்பிடுவேனா என்று கேட்டார். சாப்பிடுவேன் என்றேன். குரல் நல்ல குரல்.

ஏப்ரல் 15

நரைக்கு மை பூசினேன். பழையது மங்கிவிட்டது, வேறொன்றுமில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

ராகுலன் ஒப்பீஸில் என் அறைக்கு வந்தான். கதவைப் பாதி சாத்திவிட்டு, உட்காராமல் நின்றான்.

“அக்கா, அம்மா என்னவோ ஆசைப்பட்டிட்டா. குறை நினைக்காதேங்கோ. நான் உங்களை என்ர சொந்த அக்கா மாதிரித்தான் பாக்கிறன்.”

சிரித்தேன். எனக்கு நன்றாகச் சிரிக்க வரும். கலியாணமும் இல்லை ஒன்றும் இல்லை, உம்மட வேலைக்குத்தான் விசாரிச்சனான் என்றேன். அவன் முகம் வெளிறிவிட்டது.

“வேலைக்கெண்டா தவமணி அன்ரியிட்டயோ கேக்கிறது?”

நான் கணினிப் பக்கம் திரும்பினேன். அவன் கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனான். மரியாதையான பெடியன், கதவை அடித்துச் சாத்தக்கூடத் தெரியாது.

ஏப்ரல் 18

பெரிய வெள்ளி, லீவு. நாள் முழுக்கப் படுத்துக்கிடந்தேன். அக்காவாம். ஐஞ்சு வயசு வித்தியாசம், உலகம் அழிஞ்சிடுமோ? நான் கேட்டனானோ அவனை? சாதகம் அனுப்பினது ஆர்? வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேக்காத எனக்கு, இல்லை எண்டு சொல்ல இவன் ஆர்? அவமானமாய்க் கிடக்கு. இந்த ஒப்பீஸில என்ர முகத்துக்கு நேர நிண்டு —

போதும்.

ஏப்ரல் 24, வியாழன்

நேர்முகம். ஒஷாவாக்காரர் காலையில் வந்தார். நல்ல கோட், பழைய வெற்றிகள், பிள்ளைகளின் பெயர் ஒன்றுகூடத் தெரியாது. ராகுலன் பின்னேரம். வெள்ளைத்தாளில் மைதானத்தைக் கீறி, எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் பலவீனம், அடுத்த வருடம் யாரை எங்கே நிறுத்துவேன் என்று சொல்லச் சொல்ல, லெஸ்லி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். வேலை அவனுக்குக் கிடைத்துவிட்டது போலத்தான் இருந்தது.

கடைசியில், உங்களுக்கு ஏதாவது கேட்க இருக்கிறதா என்று லெஸ்லி என்னிடம் திரும்பினார். நோயைப் பற்றிக் கேட்பது சட்டப்படி பிழை. நான் கேட்கவில்லை. எந்த அணியையாவது சீசன் நடுவில் விட்டுப் போனதுண்டா என்று மட்டும் கேட்டேன்.

ராகுலன் என்னைப் பார்த்தான். ஒரு ‘இல்லை’ சொல்லியிருந்தால் யாருக்கும் தெரியவராது. விண்ணப்பத்தில் அந்தப் பள்ளிக்கூடமே இல்லை. ஆனால் அவனுக்குப் பொய் வராது என்று எனக்குத் தெரியும், நான்கு வருடம் பார்த்திருக்கிறேனே. தகப்பன், அறை, மருந்து, எல்லாவற்றையும் சொன்னான். கிளிபோட் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவன் போனபின் லெஸ்லி, உடல்நிலையை நாங்கள் கணக்கில் எடுக்கக்கூடாது என்றார். ஒருவரும் எடுக்கவில்லை. நிலைத்து நிற்பாரா என்று மட்டும் பேசினோம். லெஸ்லியை முதலில் பேசவிட்டு, கிளிபோட் வாய் திறக்கச் சற்று முன்னால் நான் பேசினேன்.

மே 1

ஒஷாவாக்காரர் கையெழுத்துப் போட்டார். தன்னுடைய உதவிக் கோச்சைத் தானே கூட்டிவருகிறாராம். ஆக, ராகுலனுக்கு இருந்த வேலையும் போச்சு. உங்கள் வாயால் தமிழில் சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று லெஸ்லி அந்தப் பொறுப்பை என்னிடம் தந்தார்.

ஆங்கிலத்தில் சொன்னேன். ‘தாங்க் யூ’ என்றான். பிள்ளைகளிடம் தானே சொல்லட்டுமா என்று கேட்டான். தேவையில்லை, மின்னஞ்சல் போகும் என்றேன்.

மே 3

பொருத்தம் சரிவரவில்லை என்று தவமணி அன்ரிக்கு எழுதிப் போட்டேன்.

மே 20

பிள்ளைகளில் மூன்று பேர் வேறு கல்லூரிக்கு மாறுகிறார்களாம். போகட்டும். கோச்சுக்காகப் படிக்க வந்தவர்கள் படித்துக் கிழிக்கப்போவதில்லை.

ஜூன் 22, ஞாயிறு

மார்க்கம் நகரத்து மரக்கறிக் கடைக்குள் ஒரு அம்மா வந்து என் கையைப் பிடித்தார். குரலில்தான் தெரிந்தது, மங்கையற்கரசி அன்ரி. நான் நினைத்ததைவிடக் கட்டை, மெலிவு. சாதகம் பொருந்தாததுக்கு ஆர் என்ன செய்யிறது, அதைப் பிடித்துக்கொண்டு தன்னோடு கதையாமல் விடவேண்டாம் என்றார். நேர்முகத்தில் நடந்தது ஒன்றும் அவருக்குத் தெரியாது. தன்னைவிடத் திறமான ஆள் வந்தது என்று மட்டும்தான் மகன் சொல்லியிருக்கிறான்.

“இப்ப திரும்பவும் கதவைப் பூட்டிக்கொண்டு கிடக்கிறான், பிள்ளை. சாப்பாடும் இல்லை. அங்க உங்களில ஒராளிலதான் அவனுக்கு மரியாதை. ஒருக்கா வந்து கதைப்பியளோ?”

இப்ப வேலை கூடிப்போச்சு அன்ரி, பாப்பம் எண்டு சொன்னன். கையை விட அவருக்கு மனமில்லை. நான்தான் எடுத்துக்கொண்டேன்.

வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு கார் ஓடினேன். சீசன் இன்னும் தொடங்கக்கூட இல்லை. அதற்குள்ளேயே கதவைப் பூட்டுகிறவன், நடுவில் என்ன செய்திருப்பான்? நான் கேட்டது சரியான கேள்விதான். நாளைக்கு லெஸ்லியிடம் சொல்லவேண்டும். அந்தத் தெரிவு பிழையோ என்று அவர் அடிக்கடி கவலைப்படுகிறார், கேட்டால் அவருக்கும் மனம் ஆறும்.