காலி செய்த இடத்தில் ஒரு வரி

மார்ச் 4, செவ்வாய்

வந்ததும் வராததுமாக ஒரு புகார். எங்கள் பிரௌசரில் ஒரு பக்கத்தைத் திறந்து மூடினால் போதும், வெளியாள் கணினிக்குள் நுழைந்துவிடலாமாம். கண்டுபிடித்தவர் படிப்படியாக எழுதி, "நன்றி" என்று முடித்திருக்கிறார். மரியாதைக்காரர்.

காரணம் நிரலில் ஒரே ஒரு வரி. பக்கத்தை மூடியதும் அதற்கு ஒதுக்கிய நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். இந்த வரி மட்டும் பிறகும் அங்கே போய்ப் படிக்கிறது. காலி செய்த வீட்டுக்குப் பழைய சாவியோடு போகிற மாதிரி. நடுவில் திருடன் குடிவந்திருந்தால், அவன் சொன்னதைப் பிரௌசர் செய்யும்.

கூட்டத்தில், "எந்தப் புண்ணியவான் எழுதினது?" என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே.

மார்ச் 5, புதன்

எந்த வரியை யார் மாற்றினார்கள் என்று குறித்துவைக்கும் நிரல் வரலாற்றைத் திறந்தார்கள். அந்த வரிக்கு நேராக, நாங்கள் 'தாடி' என்று கூப்பிடுகிறவனின் பெயர். எனக்கு எதிர் மேசைக்காரன். ஒப்பந்த வேலை, மாத முடிவில் நிரந்தரம் செய்வதாக இருந்தது. மேலாளர், "அதை அப்புறம் பாக்கலாம்" என்றார். தாடி, "நான் எழுதின ஞாபகமே இல்லையே" என்றான். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 6

ஐயோ.

மார்ச் 7, வெள்ளி

போன வருடம் தாடி அந்தக் கோப்பில் இடைவெளிகளை ஒழுங்குபடுத்தியிருக்கிறான். அவ்வளவுதான் அவன் செய்தது. கடைசியாகத் தொட்டவர் பெயரைத்தான் வரலாறு முதலில் காட்டும். அதற்கு முன்னால் யாரும் போய்ப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். ஆறு வருடத்துக்கு முன் எழுதியது — நான். பக்கத்திலேயே என் குறிப்பு: "இது பாதுகாப்பானது."

"யாருடீ கேட்டா உன்னை?" என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர், "யாரும் கண்டுபிடிக்கலைல்ல? அப்ப வாயை மூடிக்கிட்டு இரு" என்றார். எனக்கும் அதேதான் தோன்றியிருந்தது. அதுதான் வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 10, திங்கள்

திருத்தத்தை நானே எழுதி வெளியிட்டேன். "ரொம்ப நன்றிக்கா, என் தப்புக்கு நீங்க உக்காந்து பாத்தீங்க" என்றான் தாடி.

மார்ச் 11

மேலாளர் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எப்பலேருந்து தெரியும்?"

"வியாழக்கிழமையிலேருந்து."

அவர் விரல் விட்டு நாளை எண்ணினார்.

மார்ச் 31, திங்கள்

தாடி நிரந்தரமாகிவிட்டான். மேலாளர் உத்தரவுப்படி இனி அவன் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் என் நிரலைச் சேர்ப்பார்கள். முதல் நாளே பதினோரு குறை எழுதி அனுப்பினான். ஒன்பது நியாயம். மற்ற இரண்டும் வேண்டாத வேலை. அதைச் சொல்ல எனக்கு முகம் இல்லை. பதினொன்றையும் திருத்திவிட்டேன்.