மாலதி பார்க்கும் வேலை

ஆவணி 15, ஞாயிறு.

பேத்தி மாலதியைப் பெண் பார்க்க ஆரம்பாக்கத்திலிருந்து வந்தார்கள். என்ன வேலை என்று பையனின் அம்மா கேட்டார். தேர்வாய் கண்டிகையில் கம்பெனி வேலை என்று சொல்லிவிட்டேன். கம்பெனி என்றால் யாருக்கும் புரியும். உண்மையில் அவள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் அகராதி போடுகிறாள், பேச ஒருவரும் மிச்சமில்லாத ஒரு பழைய பாஷைக்கு.

காபித் தட்டோடு வந்தவள், "கம்பெனி இல்ல ஆன்ட்டி. செத்துப்போன பாஷைக்கு இன்டர்நெட்ல டிக்‌ஷனரி போடறேன்" என்றாள்.

அந்த அம்மா எடுத்த டம்ளரைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார். "நல்ல காரியம் பேசசொல்ல இன்னாம்மா சாவுப் பேச்சு?"

சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பினார்கள். அனுப்பமாட்டார்கள். அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை.

சாயங்காலம், "கோவமாடி?" என்று கேட்டேன்.

"தெருவெல்லாம் என்னைப் பத்திப் பெருமை பேசிக்கினு திரியறே. பாஷ செத்துச்சு, சரி. நான் உசுரோடதான கீறேன் ஆயா? என்னை ஏன் மறைச்சே?"



நாளைக்குத் தரகரிடம், இனி எங்கே போனாலும் அவள் வேலையை உள்ளபடி சொல்லச் சொல்லவேண்டும். அந்தப் பாஷையின் பெயரை மட்டும் அவளிடமே எழுதி வாங்கவேண்டும். என் வாயில் நுழையவில்லை.