பழைய லேப்டாப்பை அனுப்பச் சொன்ன தம்பி

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் சுகம். நீயும் உன் மனைவியும் குழந்தையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனிலேயே பேசலாம்தான். நான் போனை எடுத்தாலே அப்பா அடுத்த அறையில் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுகிறார். அதனால்தான் கடிதம்.

எனக்குப் புது லேப்டாப் வாங்கித் தருவதாகச் சொன்னாய். சந்தோஷம்தான், ஆனால் மனசு ஒப்பவில்லை. கோபித்துக்கொள்ளாதே. போன நவம்பரில் கண்ணாடிக் கடைக்காரர் விஷயம் முறிந்தபோது ஒரு வரி ஆறுதல் எழுதாதவன் நீ. என் நாற்பத்திரண்டு வயதில் ஒருவர் தானாக வந்து என்னைப் பெண் கேட்டு, எல்லாம் பேசி முடித்து, காரணமே சொல்லாமல் பின்வாங்கினார். அப்போது வராத பாசம் ஒரு லேப்டாப்புக்காக எங்கிருந்து வந்தது என்று யோசிக்கிறேன்.

பழையதே எனக்குப் போதும். நாள் முழுக்க மருந்துப் பெட்டிக்குள் வரும் சீட்டுகளை மொழிபெயர்ப்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? அப்பாவுக்கும் ஒற்றை விரலால் தெருவிளக்கு பற்றி மனு தட்ட அது பழகிவிட்டது.

உன் அக்கா


ஜூன் 11

அன்பு அக்காவுக்கு,

வேலை தலைக்கு மேல். இந்த வாரம் மட்டும் மூன்று கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது. ஒரு லிஃப்டுக்குள் ஒரு வக்கீல் மாட்டிக்கொண்டு, உள்ளே இருந்தபடியே எங்கள் கம்பெனிக்கு நோட்டீஸ் தயாரித்துவிட்டார்.

நீ எதையும் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. மே மாதம் வந்தபோது உன் லேப்டாப்பைப் பார்த்தேன். பேட்டரி உப்பியிருக்கிறது. அது ஒருநாள் வெடித்தால் யார் பதில் சொல்வது? புதியது வந்ததும் பழையதை அப்படியே மூடிப் பெட்டியில் போட்டு எனக்கு அனுப்பிவிடு. கடையில் கொடுக்காதே. உன் கோப்புகளை எல்லாம் நானே மாற்றித் தருகிறேன்.

உன் தம்பி


ஜூன் 19

தம்பிக்கு,

பழுதுபார்க்கும் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பிப் போட்டு, கழற்றி, தட்டிப் பார்த்தார். பேட்டரி கல்லு மாதிரி இருக்கிறதாம். 'ழ' விசை மட்டும்தான் செத்துப்போயிருக்கிறது, மாற்றிவிடலாம் என்றார். அது செத்து இரண்டு வருஷம் ஆகிறது. நான் எங்கிருந்தாவது ஒரு 'ழ'வை நகலெடுத்துக்கொண்டு வேண்டிய இடத்தில் எல்லாம் ஒட்டிக்கொண்டே போவேன். கைக்குப் பழகிவிட்டது.

லிஃப்ட் கழற்றுகிறவனுக்கு உப்பின பேட்டரிக்கும் உப்பாத பேட்டரிக்கும் வித்தியாசம் தெரியாதா? உன் பருப்பு என்னிடம் வேகாது. கடையில் கொடுக்கக் கூடாது, நான் கோப்புகளைத் தொடக் கூடாது, மூடியபடியே அனுப்ப வேண்டும். அப்படி என்ன இருக்கிறது அதில்? உன்னுடையது ஏதாவது என்றால் சொல்லிவிடு. நான் உன் மனைவியிடம் சொல்ல மாட்டேன்.

அக்கா


ஜூன் 26

அக்கா,

புதியதை அனுப்பிவிட்டேன். சாம்பல் நிறம், எடையே இல்லை. உன் தோள்வலிக்கு நல்லது.

பழையதில் என்னுடையது எதுவும் இல்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். அதைத் திறந்து எதையும் தோண்டிக்கொண்டிருக்காதே. சிலதைத் தெரிந்துகொண்டு ஒரு பிரயோஜனமும் கிடையாது. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். இதற்கு மேல் கேட்காதே.

தம்பி


ஜூலை 4

தம்பிக்கு,

அப்பாவின் மூக்குக்கண்ணாடியில் திருகு விழுந்துவிட்டது. எட்டு மாதமாக நான் அந்தக் கடைப் பக்கமே போகவில்லை. நேற்றுப் போனேன். கண்ணாடிக் கடைக்காரர் திருகைப் போட்டுத் துடைத்துக் கொடுத்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "உங்க உடம்பு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். எனக்கு என்ன உடம்புக்கு என்று கேட்டேன். மேசை இழுப்பறையிலிருந்து அச்சடித்த ஒரு மொட்டைக் கடிதத்தை எடுத்து வைத்தார்.

இவளுக்குத் தீராத வலிப்பு நோய் இருக்கிறது, வீட்டார் மறைக்கிறார்கள் என்று எழுதியிருந்தது. ஒரு வரியை அப்படியே தருகிறேன்: 'அடிக்கடி கீளே விளுந்து கிடப்பாள், வாள்க்கை முளுவதும் நீங்கள் அளுதுகொண்டே இருக்க நேரிடும்.' முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. கடிதம் முழுக்க ஒரு 'ழ' கூட இல்லை.

என் லேப்டாப்பில் என்னைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். எனக்கு 'ழ' ஒட்டத் தெரியும். உனக்கு அந்தப் பொறுமை கிடையாது. தபால் முத்திரை நவம்பர் 12. அந்த வாரம் நீ விடுப்பில் இங்கே இருந்தாய். நான் கல்யாணம் செய்துகொண்டு போனால் அப்பா உன் இரண்டு அறை வீட்டுக்கு வந்துவிடுவார் என்ற பயம்தானே? அதனால்தானே இந்த லேப்டாப் உன் கண்ணை இப்படி உறுத்துகிறது?

ஆமாம், இல்லை என்று ஒரு சொல் எழுது. பூசி மெழுகாதே.

அக்கா


ஜூலை 12

அக்கா,

ஆமாம். நான்தான் எழுதினேன். நீ போய்விட்டால் அப்பாவை யார் பார்ப்பது என்று பயந்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டு. இந்தப் பேச்சு நம் இரண்டு பேரோடு இருக்கட்டும், அப்பாவிடம் கேட்காதே. லேப்டாப்பை எரித்துவிடு.

தம்பி


ஜூலை 20

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க உன்னைச் சபித்தேன். மறுநாள் காலையில்தான் உறைத்தது. நீ எழுதியிருந்தால் அப்பாவிடம் கேட்டால்தான் என்ன? உடனே லேப்டாப்பைத் திறந்து தேடினேன்.

தெருவிளக்கு மனுக்களுக்கு நடுவில் அந்தக் கடிதம் இருந்தது. நவம்பர் 4ஆம் தேதி எழுதியது. நீ ஊருக்கு வந்தது ஏழாம் தேதி. கடையில் அவசரமாகப் படித்ததில் முதல் வரியை நான் கவனிக்கவே இல்லை. 'மேற்படி பெண்ணானவள்' என்று ஆரம்பித்திருக்கிறது. முப்பது வருஷம் நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்துவிட்டு, குழம்பில் உப்பு கூடினால்கூட 'மேற்படி குழம்பு' என்று சொல்கிறவர் நம் வீட்டில் ஒருவர்தான்.

அவர் முன்னால் அதைத் திறந்து வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் நிதானமாகப் படித்தார். பிறகு, "ழ எங்கயுமே விழலையேம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மே மாதம் ஊருக்குக் கிளம்பும் நேரத்தில் நீ இதைப் பார்த்திருக்க வேண்டும். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் அழிக்க முடிந்திருக்காது. அவர் பெயர் கெடக் கூடாது என்று லேப்டாப் வாங்கினாய், பழியையும் உன் தலையில் போட்டுக்கொண்டாய். வேறு யாராவது என்றால் நல்ல பிள்ளை என்று சொல்லியிருப்பேன். ஆனால் கண்ணாடிக் கடைக்கு, 'அது பொய், என் அக்காவுக்கு ஒரு நோயும் இல்லை' என்று நீ ஒரு வரி எழுதியிருக்கலாம். இரண்டு மாதம் இருந்தது. எனக்கு எதைத் தெரியாமல் வைப்பது என்றுதான் யோசித்தாய். என்னைப் பற்றி நீ யோசிக்கவே இல்லை. உன் ஒப்புதலில் அப்பாவை யார் பார்ப்பது என்ற பயம் ஒன்றுதான் உண்மை.

புது லேப்டாப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது. பழையது நீ ஆசைப்பட்டபடி உனக்கே. அப்பாவின் மேசைமேல் வைத்திருக்கிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை நானும் கண்ணாடிக் கடைக்காரரும் பதிவுத் திருமணம் செய்துகொள்கிறோம். எனக்கு ஒரு நோயும் இல்லை என்று நேரில் போய்ச் சொன்னபோது, யார் எழுதினார்கள் என்று அவர் கேட்டார். வீட்டில் ஒருவர் என்று சொன்னேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். "அப்ப எனக்கு யாரும்மா?" என்றார்.

"தம்பி வரான்பா" என்றேன்.

உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். வியாழக்கிழமைக்குள் வந்து சேர். வெள்ளிக்கிழமை மதியம் வரைக்கும்தான் சமைத்து வைத்துவிட்டுப் போகிறேன்.

அக்கா