ஒற்றை எண் முகவரி

ஜூலை 7, திங்கள்

மன்னிக்கணும். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை, இந்தத் தாளிடமே கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் கையெழுத்தைத் தவிர வேறெதையும் யாரும் எழுதியதில்லை. என்னைப் பற்றி நானே எழுதுவது கொஞ்சம் திமிர்போலத் தெரிகிறது. ஆனால் ஆபீஸில் எனக்கு வாய் வருவதில்லை. சொல்ல நினைத்ததெல்லாம் தொண்டையிலேயே வீடு வரைக்கும் வருகிறது. எங்காவது இறக்கி வைக்க வேண்டுமே.

அம்மா இன்றைக்கும் கேட்டாள், "நீ அங்க என்னதான்டி பண்றே?" அசெம்பிளர், நாங்கள் எழுதுகிற கட்டளைகளைச் சிப்புக்குப் புரியும் எண்களாக மாற்றும். லிங்கர், அந்தத் துண்டுகளையெல்லாம் சேர்த்து, எது எந்த முகவரியில் இருக்கவேண்டும் என்று இடம் ஒதுக்கும். "ஹாஸ்டல்ல யாருக்கு எந்த ரூம்னு பிரிச்சுக் கொடுக்கற மாதிரிம்மா" என்றேன்.

"அப்ப நீ வார்டனா?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

அம்மா செருப்புக் கம்பெனியில் கட்டிங் பிரஸ்ஸில் நிற்கிறாள். ரப்பர் ஷீட்டின் மேல் அச்சை வைத்து, இரண்டு கையாலும் இரண்டு பட்டன்களை ஒன்றாக அழுத்தினால்தான் மேலே இருக்கும் இரும்புத் தகடு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் தகட்டுக்கு அடியில் கை இருக்காது, அதற்குத்தான் இந்த ஏற்பாடு. அந்த மெஷின்களுக்குப் புதுக் கன்ட்ரோல் பெட்டி செய்து கொடுத்தது எங்கள் ஆபீஸ். போன வாரம் அனுப்பியாயிற்று, இன்னும் மாட்டவில்லை. அதற்குள் அம்மா அங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டாளாம், "எம்பொண்ணு மூளை அந்தப் பெட்டிக்குள்ள இருக்கு."



ஜூலை 8, செவ்வாய்

அனுப்பிய பெட்டிகளில் ஒன்றை மாதிரிக்கு வைத்திருக்கிறோம். இன்று அது என் மேசையில் இருந்தது. வலது கையில் டீ கிளாஸ். சும்மா இடது பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை, ஆகவும் கூடாது. டீயைக் குடித்து, கிளாஸை வைத்துவிட்டு, வலது பட்டனை அழுத்தினேன்.

டக்.

பெட்டிக்குள் தகட்டை இறக்கச் சொல்லும் ரிலே இயங்கிவிட்டது. மெஷினாக இருந்திருந்தால் தகடு இறங்கியிருக்கும். என் இடது கை அப்போது எங்கே இருந்தது? மேசை மேல், சும்மா.

ஜூலை 9, புதன்

மறுபடி செய்தேன். மறுபடி. ஒவ்வொரு முறையும் டக்.

மத்தியானத்துக்குள் கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. இரண்டு பட்டன்களுக்கும் நடுவே அரை நொடிக்கு மேல் இடைவெளி இருந்தால் பெட்டி ஏற்கக் கூடாது. அந்தக் கெடு ஓர் எண்ணாகச் சிப்பில் இருக்கிறது. எங்கள் பதினாறு பிட் சிப் எண்களை இரண்டு இரண்டு பைட்டாக வாசிக்கும், அதுவும் இரட்டை எண் முகவரியிலிருந்து மட்டும். ஒற்றை எண் முகவரியைக் கொடுத்தால் மறுப்புச் சொல்லாது. சத்தமில்லாமல் ஒரு வீடு பின்னால் போய், பக்கத்து வீட்டுக்காரனில் பாதியும் நம் ஆளில் பாதியுமாகப் படித்துக்கொண்டு வந்துவிடும்.

அதுதான் நடந்திருக்கிறது. மெஷின் நம்பருக்கென்று ஒரே ஒரு பைட் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். அதன் பின்னால் நின்ற கெடு, ஒற்றை எண் முகவரிக்குத் தள்ளப்பட்டுவிட்டது. அரை நொடி, ஒன்றரை நிமிடத்துக்கு மேலாகிவிட்டது. ஒரு கை அழுத்தியதைப் பெட்டி அவ்வளவு நேரம் மறக்காமல் வைத்திருக்கிறது.

இரண்டு கையையும் ஒன்றாக அழுத்தினால் எல்லாம் சரியாகவே இருக்கும். சோதித்தவர்கள் எல்லோரும் அப்படித்தானே அழுத்தியிருப்பார்கள்!

ஜூலை 10, வியாழன்

கமா அண்ணனிடம் சொன்னேன். எங்கள் சீனியர். எப்போதோ ஒரு கமாவை விட்டுவிட்டு மூன்று நாள் தேடியவர், அதனால் அந்தப் பேர்.

"லிங்கரோட நான் பதினஞ்சு வருஷமா குடித்தனம் பண்றேன். நீ நேத்து வந்தே."

"அண்ணா, லிங்கர் வார்னிங் கொடுத்திருக்கணுமே..."

"அது எப்பப் பாத்தாலும் கத்திக்கிட்டே இருக்கும். நான்தான் வாயைக் கட்டி வெச்சிருக்கேன்."

தன் கம்ப்யூட்டரில் திறந்து காட்டினார். அதில் கெடு இரட்டை எண் முகவரியில்தான் இருந்தது! நான்தான் உளறுகிறேனா? மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

பிறகுதான் புரிந்தது. அவர் கம்ப்யூட்டரில் ஃபைல்கள் அவர் எழுதிய வரிசையில் சேர்கின்றன. அனுப்பிய பெட்டிகளுக்கு இணைத்தது ஆபீஸின் புதுக் கம்ப்யூட்டர். அது அகர வரிசையில் சேர்த்ததில்தான் அந்த ஒற்றை பைட் கெடுவுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. சோதித்தது ஒன்று, அனுப்பியது வேறொன்று. திரும்பிப் போய்ச் சொல்ல எழுந்தேன். மறுபடி உட்கார்ந்துவிட்டேன். அவர் கிளம்பிவிட்டார். போகவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலிலேயே, "இன்னைக்கு உன் பெட்டியை மாட்டிட்டாங்கடி! எனக்குத்தான் முதல்ல" என்றாள்.

எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"பழசு மாதிரி இல்லை. ரொம்ப நல்ல மாதிரி. ஒரு கை முன்னே பின்னே ஆனாக்கூட கோவிச்சுக்காம இறங்குது."

ஐயோ.

எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. நாளைக்கு லீவு போடும்மா, உடம்பு சரியில்லைன்னு சொல்லிடு, போகாதே, போகாதேம்மா...

அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். "நான் வரலேன்னா பக்கத்து மெஷின்காரியை என் எடத்துல நிக்க வெப்பாங்க. அவ கை என்ன, கடையில வாங்கினதா?"

பிறகு, "மேஸ்திரிகிட்ட நான் சொன்னா வேலைக்குச் சோம்பல்னுவான். உங்க ஆளுங்க சொன்னாத்தான் கேப்பான். காலையில சொல்ல வை. அதுவரைக்கும் நானும் அவளும் பாத்துக்கிறோம்" என்றாள்.

சொல்ல வை. நானா? யாரை?

ஜூலை 11, வெள்ளி

வேகமாக எழுதுகிறேன். எழுத்து கோணினால் கோணட்டும்.

எங்கள் ஆபீஸ் முதலாளி அறை வாசலில் பெட்டியோடு நின்றேன். அவர் போனில் இருந்தார். திரும்பிவிடலாம் என்று தோன்றியது. அந்நேரம் அங்கே மெஷின் ஓட ஆரம்பித்திருக்கும்.

உள்ளே போய்ப் பெட்டியை வைத்து, "இடது பட்டனை அழுத்திட்டுக் கையை எடுங்க சார்" என்றேன். "இப்ப அந்தக் கையாலே உங்க கண்ணாடியைத் துடைச்சுக்கங்க." ஏனென்று கேட்காமல் துடைத்தார். "வலது பட்டன் சார்."

டக்.

கமா அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன் தானே ஒருமுறை செய்து பார்த்தார். "பொண்ணு சொன்னா சார். நான்தான் கேக்கலை."

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். "பதறாதீங்க. திங்கட்கிழமை ரெண்டு பேரும் போங்க. சர்வீஸ்னு சொல்லி மாத்திட்டு வந்துடுங்க. கஸ்டமருக்கு இப்பவே எதுக்கு?"

"எங்கம்மா அங்கதான் நிக்கறாங்க சார்."

"யாருக்கும் ஒண்ணும் ஆகாதும்மா."

அப்புறம் நடந்தது எனக்கே சரியாக நினைவில்லை. அவசரத்துக்கென்று அம்மா கொடுத்திருந்த மேஸ்திரி நம்பர் என் போனில் இருந்தது. அவர்கள் இருவர் எதிரிலேயே போட்டேன். "யாரும்மா?" என்றார், பின்னால் தகடுகள் இறங்கும் சத்தம். பெட்டி செய்த ஆபீஸிலிருந்து பேசுகிறேன், எல்லா மெஷினையும் நிறுத்துங்கள், பெட்டியில் தப்பு இருக்கிறது என்றேன். கத்தினேன் என்று கமா அண்ணன் சொல்கிறார். எனக்குத் தெரியாது. மேஸ்திரி யாரையோ அதட்டினார். சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

முதலாளி என்னையே பார்த்தார். "திங்கட்கிழமை வந்து என்னைப் பாருங்க" என்றார். அவ்வளவுதான்.

வேலை இருக்குமா?

ஜூலை 12, சனி

கமா அண்ணனும் நானும் செருப்புக் கம்பெனிக்குப் போனோம். முதலாளி போகவும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. சேர்த்தது ஒரே வரி, 'இங்கிருந்து இரட்டை எண் முகவரியில் ஆரம்பி' என்று. இணைப்பதற்கு முன் அண்ணன் வார்னிங்கை மறுபடி போட்டார். என்னைப் பார்க்காமல், "கத்தட்டும்" என்றார்.

ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து புது எண்களை ஏற்றினோம். ஏற்றியதும் இடது பட்டன், கொஞ்சம் காத்திருந்து வலது பட்டன். எதுவும் இறங்கவில்லை. பிறகு இரண்டு கையும் சேர்த்து. இறங்கியது. பக்கத்து மெஷின்காரி சுவரோரம் நின்று விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பத்தும் இருந்தன. நான் எண்ணினேன்.

கடைசியாக அம்மாவின் மெஷின். அண்ணன் ஏற்றி முடித்து மூடியைத் திருகினார். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அம்மா பழக்கத்தில் முன்னால் வந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

காலையிலிருந்து வாய் வரை வந்து வந்து விழுங்கிய ஒன்று இருந்தது. இத்தனை பேர் நடுவில் எப்படிக் கேட்பது என்று இருந்தது.

கேட்டுவிட்டேன்.

"அம்மா, நீ கொஞ்சம் தள்ளி நில்லேன். இதை நான் அழுத்திப் பாக்கறேன்."