பாதிக் கரண்ட் மிக்சி

பிப்ரவரி 3, திண்டிவனம்

மகள் வெனிலாவுக்கு மார்ச்சில் பிரசவம். பத்திய மருந்து அரைக்க நம் வீட்டு மிக்சியையே டொராண்டோவுக்குக் கொண்டுவருகிறேன் என்றேன். மாப்பிள்ளை ஆண்டோ போனிலேயே தடுத்துவிட்டார். “வேணாங்க அத்தை, இங்க கரண்ட் நம்மூர்ல பாதிதான். அது சரியா சுத்தாது. போன் சார்ஜர் மட்டும் எடுத்துக்கினு வாங்க, அது ரெண்டுக்கும் ஒத்துக்கும்.”

சார்ஜருக்கு ஒத்துக்கொள்கிற கரண்ட் என் மிக்சிக்கு மட்டும் ஒத்துக்காதா? மருந்து வாடை பிடிக்கவில்லை, அதான். இல்லை, நான் வருவதே பிடிக்கவில்லையோ?

பிப்ரவரி 4

சார்ஜரின் அடியில் 100–240 என்று இருக்கிறது. மிக்சியின் அடியில் 230 மட்டும். சரி, அதுவரை உண்மை.

பிப்ரவரி 10

விழுப்புரம் போய் வெளிநாட்டு மிக்சி வாங்கினேன். நூற்றுப்பத்து வோல்ட். பின் கூட வேறு, இரண்டு தட்டைக் கம்பி. கடைக்காரர் நெடுஞ்செழியன் ஒரு கனத்த பெட்டியில் சொருகி ஓட்டிக் காட்டினார். கரண்ட்டைப் பாதியாக்கும் பெட்டியாம். “வீட்டுக்குப் போய் மட்டும் போட்டுப் பாத்துடாதீங்கம்மா” என்று இரண்டு தடவை சொன்னார்.

ஏன் இரண்டு தடவை?

பிப்ரவரி 12

கடைக்காரர் பெட்டியில் மட்டும் சுத்துமாம், என் வீட்டில் சுத்தாதாம். சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்தபோது முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்க்காமல் ஒருநாளும் வாங்கியதில்லை நான். என்கிட்டயேவா?

பிப்ரவரி 13

நம் வீட்டு பிளக்கில் பொருந்த ஒரு கன்வர்ட்டர் பின் வாங்கி வந்து போட்டேன். அம்மாடி, என்ன சத்தம்! சாமி வந்த மாதிரி ஆடியது. நீலப் புகை. நின்றுவிட்டது. வீடெல்லாம் கருகல் நாற்றம்.

புடிச்சேன் பாத்தியா! ஓட்டை மிக்சியைத் தலையில கட்டிட்டான். நாளைக்கு இருக்கு அவனுக்கு.

பிப்ரவரி 14

பஸ் முழுக்க என்ன கேட்பது என்று மனசுக்குள் பேசிக்கொண்டே போனேன். நெடுஞ்செழியன் மிக்சிப் பெட்டியைத் திறந்து மோந்து பார்த்தார்.

“வீட்ல போட்டீங்களா?”

“இல்லியே.”

அவர் மிக்சிப் பெட்டிக்குள்ளிருந்து என் கன்வர்ட்டரை எடுத்து மேசைமேல் வைத்தார். கழற்றாமலே கட்டிக்கொண்டு போயிருக்கிறேன், பாவி நான்.

“பாதிக் கரண்ட்ல ஓடுற மெஷினும்மா இது. நீங்க முழுசா குடுத்துட்டீங்க. மோட்டார் எரிஞ்சிபோச்சி.”

வெட்கமாகப் போய்விட்டது. இந்த ரகத்தில் கடையில் இருந்தது இன்னும் ஒன்றுதான். அதையும் வாங்கினேன். கன்வர்ட்டரை அவரே வைத்துக்கொண்டார். கேட்கவும் வாய் வரவில்லை.

பிப்ரவரி 20

பெட்டி பீரோ மேல் இருக்கிறது. இதுவும் ஓடாவிட்டால்? பிள்ளை பெற்றவளுக்கு எதில் அரைப்பேன்? போட்டுப் பார்க்கக் கூடாது. பார்க்க மாட்டேன்.

மார்ச் 16, டொராண்டோ

பேத்தி பிறந்து நான்கு நாள். மாப்பிள்ளை சமையல் மேடையில் பாத்திரங்களை ஒதுக்கி, பிளக் பக்கம் எனக்கு இடம் விட்டிருந்தார். சொருகினேன். சுற்றியது. சுக்கும் திப்பிலியும் மை போல அரைந்தது. வெனிலா முகம் சுளித்தபடி ஓர் உருண்டை விழுங்கினாள். வாடையைப் பற்றி மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜாரைக்கூட அவரே கழுவினார்.

“ஊர்லயே ஓட்டிப் பாத்துட்டா எடுத்தாந்தீங்க அத்தை?”

“இல்லீங்க மாப்பிள்ளை. கடைக்காரர் சொன்னாரு, நம்பிட்டேன்.”

கழுவுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். நம்பவே இல்லை.