போர்டில் எழுதிய கம்பெனிப் பெயர்

ஏற்காடு,
ஞாயிறு மதியம்.

அன்புக் கண்ணு ரொனால்டுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்த ஜப்பான் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபிக்கிறேன். போனில் சொல்லலாமே என்பாய், நீ கூப்பிட்டாலே அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார், அதனால்தான் கடிதம். இங்கே பனியில் துணி காயவே மாட்டேன் என்கிறது, முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, எனக்கு எல்லாமே அலுப்பாக இருக்கிறது.

தவக்காலத்துக்கு முன்னால் கல்யாணங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன, நம் ஸ்டூடியோவுக்குத்தான் ஒன்றும் வரவில்லை. வாழவந்தி ஊர்ப் பெண் வீட்டார் வந்து, போட்டோ நல்லாத்தான் வருதுங்க, ஆனா பந்தி முடியறதுக்குள்ள போனுக்கு வந்துரோணுமுங்க என்று சொல்லிவிட்டுப் பிரபாகர் ஸ்டூடியோவுக்குப் போய்விட்டார்கள். அவன் வைத்திருப்பது நேற்று முளைத்த சின்னக் கம்பெனி கேமரா, கைக்கடக்கமாக இருக்கிறது, எடுத்த கையோடு படம் போனுக்குப் போய்விடுகிறது. நம்மிடம் இருக்கும், நீ வேலை பார்க்கும் பெரிய கம்பெனியின் கேமராவோ அம்மிக்கல் கனம், சேலத்து சர்வீஸ் கடையையும் மூடிவிட்டார்கள், ரிப்பேர் என்றால் சென்னைக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. கொட்டச்சேடு கல்யாணத்துக்குப் பிரபாகர் அப்பாவைத் துணைக்குக் கூப்பிட்டு, கை வலிக்குமுங்கண்ணா, இதப் புடிச்சுக்கங்க என்று மரியாதையாகத்தான் தன் சின்னக் கேமராவைக் கொடுத்திருக்கிறான். இவர், எம் பையன் கம்பெனி இருக்கறப்ப நான் அடுத்தவன் கேமராவத் தொடுவனா என்று கோபித்துக்கொண்டு, பந்தியில்கூட உட்காராமல் பஸ் ஏறி வந்துவிட்டார். புது வருஷத்துக்கு அந்தக் கனத்தைக் கோயிலுக்குத் தூக்கிப்போய் ஃபாதரிடம் மந்திரித்துக்கொண்டு வந்தார், கம்பெனி நன்றாக இருக்க வேண்டுமென்று பூசையில் பெயர் வாசித்து வேண்டிக்கொள்ளக் கருத்து வேறு எழுதிக் கொடுத்தார். ஃபாதர் அந்தப் பெயரைத் தட்டுத்தடுமாறிப் படிக்கிறார், கோயிலில் பாதிப் பேர் யாரோ செத்துப்போன வெள்ளைக்காரன் என்று நினைத்திருப்பார்கள்.

போன மாதம் நீ என்னிடம் மட்டும் சொன்னாயே, பிரபாகர் வைத்திருக்கும் அந்தச் சின்னக் கம்பெனியே உன்னை வேலைக்குக் கூப்பிடுகிறது, இப்போது இருக்கும் கம்பெனியில் ஆட்களைக் குறைக்கிறார்கள், ஆனாலும் அப்பா நம் கடை போர்டில் இந்தப் பெயரை எழுதி வைத்திருக்கையில் எப்படிம்மா போவது என்று. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை சாமி. அவர் உன்னை நினைத்து அந்தக் கம்பெனியை விடமாட்டேன் என்கிறார், நீ அவரை நினைத்து விடமாட்டேன் என்கிறாய், இரண்டு பேர் பிடிவாதத்தையும் வயிற்றில் கட்டிக்கொண்டு என்னால் முடியவில்லை. மாதக் கடைசிக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றாய். நீ அங்கே போவதை நான் சொன்னால் அப்பா புலம்பல் என்று எழுந்து போய்விடுவார், நீயே சொன்னால் கேட்பார்.

போர்டை நினைத்துத் தயங்காதே. பனியில் எழுத்து உரிந்துவிட்டது என்று சொல்லி பெயிண்டர் அங்கப்பனை வரச் சொல்லியிருக்கிறேன். கம்பெனிப் பெயர் இருந்த இடத்தில் ரொனால்ட் ஸ்டூடியோ என்று எழுதச் சொல்லப்போகிறேன். உன் பெயராக நினைத்துத்தானே அவர் அதை அங்கே எழுதினார்.

மாதா உன்னைக் கைவிடமாட்டாள். காதுக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே, காப்பித்தூள் அனுப்பியிருக்கிறேன். வருகிற ஞாயிறு கூப்பிடு, அப்பா ஸ்பீக்கரைப் போடட்டும், நான் சமையலறையில் இருந்துகொள்கிறேன்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா
தேவகுமாரி